திரை இருண்டால் கணிப்பொறி இறந்ததாகுமா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை. வகுப்புகள் முடிந்து வீட்டுக்குப் புறப்படும் வேளையில், இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடுது. விசிறி சுத்துது, விளக்கு எரியுது. ஆனா திரையில ஒண்ணுமே வரலை. பார்க்க வந்தவர், மதர்போர்டே போயிடுச்சு, புதுசா வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அப்பா ரெண்டு நாளா தறியிலேயே உட்காரலை."

அவளுடைய வீடு காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கத்தில், கைலாசநாதர் கோயிலுக்கு அருகே, பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. தந்தை பட்டு நெசவாளர். சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் கணிப்பொறியில் டிசைன் வரைந்து, தம் தறிக்கும் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கும் கொடுத்து வருபவர். ஏழாண்டு உழைப்பு முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்ய வேண்டிய சேலையின் முந்தானை டிசைன் பாதியில் நின்றிருந்தது. புதிய பெட்டி வாங்கினால் பழைய டிசைன்கள் கிடைக்குமா என்று கேட்டதற்கு, வந்தவர் உறுதியாக விடை சொல்லவில்லையாம். பணச் செலவைவிட இதுவே அவரை வாட்டியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மல்டிமீட்டர், ஒரு திருப்புளி, ஒரு கைவிளக்கு, பழைய கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு சின்னஞ்சிறு ஒலிபெருக்கி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரத்தில் திரையில் படம் வந்துவிட்டது. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. அது எப்படி வந்தது என்பதைப் படிப்படியாகச் சொன்னால், இதே தொல்லையில் இருக்கும் வாசகர்களுக்கு உதவும் என்று கருதுகிறேன்.

படம் வரும் வழி

மின்பொத்தானை அழுத்தியதும் நேரே திரையில் படம் வந்துவிடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பல கைகள் மாறி வருகிறது.

முதலில், மின்வழங்கி என்னும் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னழுத்தங்களாக மாற்றுகிறது. இவை நிலைபெற்றதும் "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்று தாய்ப்பலகைக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறது. தாய்ப்பலகை என்பது எல்லா உறுப்புகளையும் இணைக்கும் பெரிய மின்சுற்றுப் பலகை. பேச்சு வழக்கில் மதர்போர்டு என்கிறோம்.

குறிப்பு கிடைத்ததும் செயலி விழித்துக்கொள்கிறது. விழித்தவுடன் அதற்கு ஒன்றும் தெரியாது. 'பயாஸ்' எனப்படும் நிரந்தர நினைவகச் சில்லில் எழுதி வைத்திருக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. "முதலில் உன்னைச் சோதித்துக்கொள், பிறகு ரேம் நினைவகத்தைச் சோதி, பிறகு படம் அனுப்பும் சுற்றை எழுப்பு" என்பன போன்ற கட்டளைகள் அவை. இந்தச் சோதனைகள் தேறிய பின்னரே படத்துக்கான மின்குறிகள் கம்பிவடம் வழியாகத் திரைக்குப் போகின்றன.

ஆகவே படம் என்பது வரிசையின் கடைசியில் வருவது. அதற்கு முன்னால் எந்தக் கண்ணி அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்றுதான்: இருட்டு. காய்ச்சல் எந்த நோயாலும் வரலாம்; காய்ச்சலை மட்டும் கண்டு நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. இருண்ட திரையைக் கண்டதும் "தாய்ப்பலகை போயிற்று" என்பதும் அப்படிப்பட்டதே. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் சொன்னால் அது வெறும் ஊகம்.

நெசவாளர் சொன்ன விதி

வேலையைத் தொடங்குமுன் அந்தப் பெரியவரிடம், "தறியில் டிசைன் தவறாக விழுந்தால் எங்கே பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"அட்டையில தப்பு இருந்தா, அந்த அட்டை வர்ற எடத்துல மட்டும் திரும்பத் திரும்ப விழும் சார். கொக்கியில தப்பு இருந்தா, பாவு போற நீளத்துக்குக் கோடாவே போகும். துணியைப் பார்த்தாலே தெரியும்" என்றார்.

அட்டை என்று அவர் சொன்னது, தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டும் துளையிட்ட அட்டையை. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவி அது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதைச் சேர்ந்த கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்களால் மாங்காயும் அன்னமும் யாளியும் பட்டில் பூத்துவிடுகின்றன. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்கு இந்த அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைத் தொகுக்க, ஹாலரித் என்பவர் துளையட்டைகளை மின்சாரத்தால் படிக்கும் பொறியைப் பயன்படுத்தினார். கணிப்பொறியின் முன்னோரில் தறியும் ஒன்று எனலாம்.

பெரியவரின் விதியில் ஆழ்ந்த அறிவியல் இருக்கிறது. அவர் கருவியைப் பிரித்துப் போட்டுத் தேடுவதில்லை. பிழையின் தன்மையைப் பார்த்து, அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முதலில் பிரிக்கிறார். நாமும் அதையே செய்தோம்.

திரையா, பெட்டியா?

முதல் கேள்வி: பிழை திரையிலா, பெட்டியிலா?

திரையின் பொத்தானை அழுத்தினோம். சிறிது நேரம் "சிக்னல் இல்லை" என்ற எழுத்துகள் தோன்றி மறைந்தன. மாணவி ஏமாற்றத்துடன் என்னைப் பார்த்தாள். "இது நல்ல செய்தியம்மா" என்றேன். அந்த எழுத்துகளைத் திரை தன் சொந்தச் சுற்றால் எழுதுகிறது. எழுதத் தெரிகிறது என்றால் திரை உயிரோடு இருக்கிறது. அதற்குப் படம் வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

எழுத்துகளே தோன்றாவிட்டால் என்ன செய்வது? திரையின் மின்வடத்தையும் விளக்கையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், அறையை இருட்டாக்கிக் கைவிளக்கைச் சாய்வாகத் திரையின்மீது அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணிப்பொறி நன்றாகவே இருக்கிறது. திரையின் பின்னொளிதான் பழுது. திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை; பின்னாலுள்ள விளக்கின் ஒளியை வேண்டிய இடத்தில் விட்டும் தடுத்தும் படம் காட்டுவது அது.

அடுத்தது இடையிலுள்ள கம்பிவடம். வி.ஜி.ஏ. வடமானால் 15 ஊசிகள், எச்.டி.எம்.ஐ. வடமானால் 19 தொடுமுனைகள். வடத்தைக் கழற்றி, ஊசிகள் வளைந்துள்ளனவா என்று பார்த்து, மீண்டும் அழுத்தமாகச் செருக வேண்டும். தனி வரைகலை அட்டை உள்ள பெட்டிகளில், வடத்தை அந்த அட்டையின் வாயிலில் செருகாமல் தாய்ப்பலகையின் வாயிலில் செருகிவிடுவதும் உண்டு. பெட்டியைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது நேரும் தவறு இது. திரையிலும் எந்த வாயிலிலிருந்து படம் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கிறது. குழந்தைகள் அழுத்தி மாற்றியிருக்கலாம். நாங்கள் பக்கத்து வீட்டிலிருந்து வேறொரு வடம் வாங்கி மாட்டிப் பார்த்தோம். பயனில்லை.

விசைப்பலகை தரும் சான்று

இனிப் பெட்டியின் பக்கம் வருவோம். அங்கேயும் ஒரு பிரிவினை செய்யலாம். கணிப்பொறி இயங்கியும் படம் மட்டும் வரவில்லையா, அல்லது இயங்கவே தொடங்கவில்லையா?

இதை அறியச் செலவில்லாத ஒரு வழி, விசைப்பலகையின் 'நம் லாக்' பொத்தான். அதை அழுத்தும்போது அதன் சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் செயலி வேலை செய்கிறது, படம் அனுப்பும் பகுதியில்தான் கோளாறு. மாணவி நாலைந்து முறை அழுத்தினாள். விளக்கு அசையவில்லை. ஆக, செயலி தன் தொடக்கச் சோதனைகளைத் தாண்டவே இல்லை.

விசிறி சுற்றுவதை மட்டும் நம்பக்கூடாது. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டுமே. மற்ற மின்னழுத்தங்கள் குறைந்திருந்தாலும் அது சுற்றும். எனவே மின்வழங்கியிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்த, பயன்படாத நான்கு முனை இணைப்பியில் மல்டிமீட்டரை வைத்து அளந்தோம். கறுப்புக் கம்பிக்கும் மஞ்சள் கம்பிக்கும் இடையே 12 வோல்ட்டும், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 5 வோல்ட்டும் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து வரை கூடலாம், குறையலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரையும், 4.75 முதல் 5.25 வரையும் சரி. எங்களுக்கு 11.9, 5.1 என்று வந்தன. இந்த இரண்டும் சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளியே வரும் கம்பிகளை அளப்பதோடு நில்லுங்கள்; மின்வழங்கியின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் என்பது மாறுதிசை மின்னழுத்தத்தின் பயனுறு மதிப்பு. அதன் உச்ச மதிப்பு 230-ஐ 1.414-ஆல் பெருக்கக் கிடைக்கும் 325 வோல்ட். உள்ளே உள்ள மின்தேக்கிகள் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏற்றப்படுகின்றன. வடத்தைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கும். அது உயிரை வாங்கக்கூடியது.

பட்டுத் துணி வேண்டாம்

பெட்டியின் உள்ளே கை வைக்கும் கட்டம் வந்தது. பெரியவர் அன்போடு ஒரு துண்டுப் பட்டுத் துணியை நீட்டி, "தூசு தட்ட மெத்துன்னு இருக்கும் சார்" என்றார். நான் மாணவியைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் தண்டில் நேர் மின்னூட்டமும் பட்டில் எதிர் மின்னூட்டமும் தோன்றும் என்பது பள்ளியிலேயே படிக்கும் பாடம். அந்த நிலைமின்சாரம் சில்லுகளுக்குப் பகை. நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகப் பாய்வதை நாம் உணர, ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் சில மின்னணு உறுப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே கெட்டுவிடும். நாம் உணராமலே அவற்றைக் கொன்றுவிட முடியும்.

எனவே முறை இது. கணிப்பொறியை நிறுத்தி, வடத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, பலகையில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தைப் போக்குங்கள். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடலுக்கும் பெட்டிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாமற் போகும். உள்ளே வேலை செய்யும்போது இடையிடையே இப்படித் தொட்டுக்கொள்ளுங்கள். தூசியை உலர்ந்த மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டுங்கள். நெசவு வீட்டில் இழைத்துகள் பறந்து விசிறிகளில் அடைத்துக்கொள்வது இயல்பு. எங்களுக்கும் கைப்பிடியளவு கிடைத்தது.

240 தொடுமுனைகள்

தாய்ப்பலகை உண்மையிலேயே போய்விட்டதா? இதை எப்படி அறிவது? இங்கேதான் நான் கொண்டுபோன சிறிய ஒலிபெருக்கி உதவியது. செயலி தன் சோதனையில் ஒரு குறையைக் கண்டால், படம் காட்ட வழி இல்லாததால், 'பீப்' என்ற ஒலியால் அதைச் சொல்லும். எத்தனை ஒலி, எவ்வளவு நீளம் என்பதற்கான பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இந்தப் பெட்டியில் ஒலிபெருக்கியே இல்லை; அதனால் அது ஊமையாக இருந்தது. தாய்ப்பலகையில் அதற்குரிய ஊசிகளில் ஒலிபெருக்கியை மாட்டினோம். பெட்டியை இயக்கினோம். ஓசை இல்லை.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு ரேம் பலகைகளையும் கழற்றி எடுத்தோம். நினைவகமே இல்லாமல் மீண்டும் இயக்கினோம். இப்போது நீண்ட பீப் ஒலி, விட்டு விட்டுக் கேட்டது!

மாணவி குழம்பினாள். "ஒன்றைக் கழற்றினபின்தானே சார் கத்துது?" ஆம். "நினைவகம் இல்லை" என்று முறையிட வேண்டுமானால், முறையிடுபவர் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? செயலி விழித்திருக்கிறது, பயாஸ் சில்லைப் படித்திருக்கிறது, நினைவகத்தைத் தேடியிருக்கிறது, காணாமல் ஒலி எழுப்பியிருக்கிறது. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தாய்ப்பலகை பேசிவிட்டது. ஐயம் இப்போது ரேம் பலகைகளின்மீதும் அவை அமரும் பள்ளங்களின்மீதும் விழுந்தது.

அவை டி.டி.ஆர்.3 வகை. அடிவிளிம்பில் தங்க முலாம் பூசிய 240 தொடுமுனைகள் இருக்கும். "நம்ம ஜக்கார்டும் 240 கொக்கிதான்" என்றார் பெரியவர். பொருத்தமான ஒப்புமை. ஒரு கொக்கி மாட்டாவிட்டால் துணியில் ஒரு கோடு விழும். இங்கே ஒரு முக்கியத் தொடுமுனை மாட்டாவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

தங்கம் துருப்பிடிக்காது, பின் ஏன் தொடர்பு கெடுகிறது? இரண்டு உலோகப் பரப்புகள் தொடுவதாக நாம் நினைக்கும்போது, உண்மையில் சில நுண்ணிய மேடுகள் மட்டுமே தொடுகின்றன. அந்தப் புள்ளிகளின் வழியேதான் மின்னோட்டம் செல்கிறது. முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் ஈரக்காற்றால் அரிக்கப்பட்டு மேலே படலமாகலாம். தூசியும் எண்ணெய்ப் பசையும் படியும். நாள்தோறும் சூடாகி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் பலகை இம்மியளவு நகரும். தொட்ட புள்ளி விலகிவிடும். 230 வோல்ட் விளக்குப் பொத்தானில் மெல்லிய படலம் ஒரு பொருட்டன்று. மின்னழுத்தம் அதைத் துளைத்துச் சென்றுவிடும். இந்த நினைவகமோ 1.5 வோல்ட்டில் வேலை செய்வது. வேகமோ நொடிக்கு 133 கோடி மாற்றங்கள். ஒரு மாற்றத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே 22 செ.மீ. தொலைவுதான் ஓடும். அவ்வளவு நுட்பமான வேலைக்குச் சிறு அழுக்கும் பெரிய தடை.

தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, இழை உதிராத பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தோம். சிலர் பென்சில் அழிப்பானால் தேய்ப்பார்கள். வேறு வழி இல்லையென்றால் மிக மென்மையாகச் செய்யலாம். அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும், துகள்கள் பள்ளத்தில் விழுந்து புதுத் தொல்லை தரும். பள்ளங்களைத் தூரிகையால் தட்டினோம். ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பின், இரண்டையும் சேர்த்து மாட்டாமல், ஒரே ஒரு பலகையை மட்டும் 'கிளிக்' என்று பூட்டும் வரை அழுத்தினோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. பரிசோதனைச் சாலைக்கும் இதுவே விதி.

மாணவி பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு குறுகிய பீப். திரையில் எழுத்துகள் ஓடின. இரண்டாவது பலகையையும் நிறுத்தி மாட்டினோம். அதுவும் வேலை செய்தது. சிறிது நேரத்தில் பாதியில் நின்ற முந்தானை டிசைன் கட்டம் கட்டமாகத் திரையில் விரிந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு காரணங்கள்

எல்லா வீட்டிலும் ரேம்தான் காரணம் என்று எண்ணிவிடக்கூடாது. தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பொத்தான் மின்கலம் பல ஆண்டுகளில் தீர்ந்து, அமைப்புக் குறிப்புகள் குழம்பியிருக்கலாம். மின்வடத்தை எடுத்துவிட்டு மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி வைத்தால், அல்லது புதியது மாற்றினால் சரியாகலாம். வரைகலை அட்டை தன் பள்ளத்தில் தளர்ந்திருக்கலாம். தாய்ப்பலகையில் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் அவை பழுது. மின்னணு வேலை தெரிந்தவர் மாற்றித் தரலாம். ஒன்றும் புரியாவிட்டால் வட்டு, கூடுதல் அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி, செயலி, ஒரு ரேம், மின்வழங்கி என்ற குறைந்த அமைப்புடன் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அங்கே பிழை.

இவையெல்லாம் முடிந்தும் ஒலி இல்லை, படம் இல்லை என்றால், அப்போது தாய்ப்பலகை அல்லது செயலி பழுது என்று ஐயுறலாம். ஆனால் அந்த நிலையிலும் ஒன்றை மறக்கக்கூடாது. நம் கோப்புகள் இருப்பது திரையிலுமில்லை, தாய்ப்பலகையிலுமில்லை, நிலைவட்டில்தான். பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் வட்டைக் கழற்றி, அதற்குரிய யு.எஸ்.பி. இணைப்பியால் வேறு கணிப்பொறியில் மாட்டிக் கோப்புகளை எடுத்துவிடலாம். எனவே பழுது பார்ப்பவர் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று சொன்னால், கோப்புகளை நகலெடுக்கும் வரை சம்மதிக்க வேண்டாம். இருண்ட திரை ஒன்றையும் அழிப்பதில்லை. அவசரப்பட்ட கைதான் அழிக்கிறது.

அன்று கிளம்புமுன், ஏழாண்டு டிசைன்களையும் ஒரு வெளிவட்டுக்கு நகலெடுக்கச் சொன்னேன். மாணவி இரண்டு நகல்கள் எடுத்தாள். ஒன்றைத் தன் அத்தை வீட்டில் வைத்திருக்கிறாளாம். "ஒரே வீட்டில் இரண்டு நகலும் இருந்தால் ஒன்று இருந்த மாதிரிதானே சார்" என்றாள். அதை நான் சொல்லித் தரவில்லை.